கிளிக் விழாத தேடல்

2025 ஏப்ரல் 22

கோவர்த்தனன் சார் இன்றைக்கும் காபி ஆறுவதற்குள் போன் செய்துவிட்டார். "இன்னாம்மா பிரமிளா, கூகுள்ல 'திருப்பதி லாட்ஜ்'னு போட்டா நம்பளுது எங்கியுமே காணோம்?"

மனிதர் நல்லவர்தான். புத்தூர் பக்கத்து ஆள். திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்தில் சின்ன லாட்ஜ். கூகுள் தேடலில் மேலே கொண்டுவர என் கையில் இருக்கிற ஐந்தாறு வெப்சைட்டுகளில் இதுதான் அதிகமாகப் போன் வருகிற வெப்சைட். சித்தூர் பல் டாக்டரம்மா மாதத்துக்கு ஒருமுறை பேசுவார். இவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை.

போன வாரம் ஒரு வேலை செய்திருக்கிறார். எதிர் லாட்ஜ்காரர் கூகுளில் விளம்பரம் கொடுத்திருக்கிறாராம். அதை இவர் நாலைந்து தடவை அமுக்கி அமுக்கி விட்டாராம். "ஒவ்வொரு அமுக்குக்கும் அவனுக்குக் காசு போவும்னு நீதானே சொன்ன?" சொன்னது நான்தான். தலையில் அடித்துக்கொண்டேன்.

மறுபடியும் பொறுமையாகச் சொன்னேன். 'திருப்பதி லாட்ஜ்' என்பது பெரிய பெரிய புக்கிங் கம்பெனிகள் மோதுகிற இடம், அங்கே போய் நாம் நிற்க முடியாது. 'திருப்பதி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் குடும்பத்தோடு தங்க', 'தமிழ் பேசும் லாட்ஜ்', 'வயதானவர்களுக்கு கீழ் தளத்தில் ரூம்' என்று நீளமாகத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். குறைச்சலான பேர்தான், ஆனால் நிஜமாகவே வந்து தங்குகிறவர்கள். அவர்களுக்காகத் தமிழில் தனித்தனிப் பக்கம் எழுதலாம். முகப்பில் இருக்கிற வரவேற்பறைப் படம் ஒன்றே வெப்சைட்டையே அமுக்குகிற கனம். அதைச் சுருக்கினால் போனில் சட்டென்று திறக்கும்.

எல்லாம் கேட்டுவிட்டு, "அதெல்லாம் செரி, முதல் பக்கத்துல எப்ப வருவோம்?" என்றார்.

ஏப்ரல் 29

படங்களைச் சுருக்கினேன். கீழ் தளத்து ரூம் பக்கம் எழுதினேன். கண் எரிகிறது.

மே 2

மனோரமா அக்காவிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறேன். அவர் கோவர்த்தனன் சாரின் மனைவி, ரிசப்ஷனில் உட்காருவது அவர்தான். ரூம் காலி செய்கிறவர்களிடம் சிரித்த முகமாக, "கூகுள்ல ரெண்டு வார்த்தை எழுதுங்க, வாசல்ல நின்னு ஒரு போட்டோவும் போடுங்க" என்று கேட்க வேண்டும். ஸ்டார் மட்டும் போட்டுவிட்டுப் போகிற விமர்சனத்துக்கும், குடும்பம் நிற்கிற போட்டோவோடு வருகிற விமர்சனத்துக்கும் நிறைய வித்தியாசம். புதிதாக வருகிறவர்கள் போட்டோவைத்தான் நம்புகிறார்கள்.

"கேக்கறதுக்கு கூச்சமா கீதும்மா" என்றார் அக்கா. ஆனால் கேட்கிறார். இரண்டு நாளில் நாலு போட்டோ வந்துவிட்டது. எல்லாவற்றிலும் மொட்டைத் தலைகள், சந்தனம், சிரிப்பு.

மே 6

கீழ் தளப் பக்கத்திலிருந்து முதல் புக்கிங்! குடியாத்தத்திலிருந்து சஞ்சய் என்பவர். இரண்டு ரூம். அம்மாவுக்கு முட்டி வலியாம், படி ஏற முடியாதாம். 'வயதானவர்களுக்கு கீழ் ரூம் திருப்பதி' என்று தேடித்தான் வந்தாராம், மனோரமா அக்கா கேட்டு வைத்திருக்கிறார்.

என் கணவரிடம் சொன்னேன். ஸ்ரீசிட்டி கம்பெனி வண்டியை விட்டு இறங்கிய களைப்பில், "ஒரு புக்கிங்குக்கா இந்தச் சிரிப்பு?" என்றார். ஆமாம், ஒன்றுக்குத்தான். அந்த ஒருவர் எப்படித் தேடுவார் என்று உட்கார்ந்து யோசித்து எழுதியது நான்.

மே 9

சஞ்சய் குடும்பம் மலையிலிருந்து இறங்கி, ரூமைக் காலி செய்யும்போது போட்டோ போட்டிருக்கிறார்கள். சஞ்சய், அவர் தங்கை, தங்கை கணவர், ஒரு குட்டிப் பையன், நடுவில் அம்மா ரத்தினம்மா. தங்கையைத் தவிர எல்லாருக்கும் மொட்டை. ஐந்து ஸ்டார். 'அம்மாவுக்கு வசதியாக இருந்தது' என்று ஒரு வரி.

நல்ல நாள்.

மே 10

நல்ல நாள் என்று எழுதிய கையை என்ன செய்வது?

காலையில் மனோரமா அக்கா போன் செய்தார். குரலே சரியில்லை. "பிரமிளா, அந்தக் குடியாத்தத்துக்காரங்க இல்ல... அவங்கம்மாவக் காணோமாம்மா. நேத்து நம்பகிட்டருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனவங்கதான். ராத்திரி முச்சூடும் தேடியிருக்காங்க."

லாட்ஜுக்கு ஓடினேன். சஞ்சய் படியில் உட்கார்ந்திருந்தார். தோல் கம்பெனியில் சூப்பர்வைசராம். ஆள் வாட்டசாட்டமாக இருக்கிறார், பேசினால் குழந்தை மாதிரி உடைகிறார்.

"வேலூர் பஸ்ஸு எங்க நிக்கும்னு கேக்கப் போனேன் மேடம். தங்கச்சி புள்ளைய பாத்ரூம் இட்டுக்கினு போச்சு. மச்சான் டீ வாங்கப் போனாரு. அம்மாவ பையிங்களோட உக்கார வெச்சிட்டு... ஒரு அஞ்சு நிமிசம். வந்து பாத்தா பைதான் கீது."

கொஞ்ச நாளாகவே அம்மாவுக்கு மறதியாம். பதறிவிட்டால் பேரன் பெயர்கூட வராதாம். போன் வைத்துக்கொள்கிற பழக்கம் இல்லை. தெலுங்கு ஒரு வார்த்தை தெரியாது.

போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். கேமராவைப் பார்த்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் முழுக்க மொட்டைத் தலைகள், அதில் யார் யார்?

மே 11

சஞ்சய் போஸ்டர் அடித்துக்கொண்டு வந்தார். ஊரெல்லாம் ஒட்டப் போகிறாராம். ஒன்றை என் கையில் கொடுத்தார்.

பார்த்தேன். ரத்தினம்மா, மகள் கல்யாணத்தில் எடுத்தது. பட்டுப் புடவை, நடு வகிடு, காதோரம் வரைக்கும் அடர்த்தியாக முடி, தலை நிறைய மல்லி.

"இது எந்த போட்டோங்க?" என்றேன். குரல் கொஞ்சம் ஏறிவிட்டது.

"அம்மாவுக்கு நல்லா வந்த போட்டோ இது ஒண்ணுதான் மேடம்."

"அவங்களுக்கு இப்ப முடியே இல்லியே!"

அவர் போஸ்டரைத் திரும்பப் பார்த்தார். கட்டு முழுவதையும் படியில் வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டார். போலீஸில் கொடுத்ததும் இதே போட்டோதான். வாட்ஸப்பில் ஊர் ஊராகச் சுற்றுவதும் இதுதான். முடி உள்ள பெண்ணை எல்லாரும் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பாவம், அவரிடம் கத்தியிருக்கக் கூடாது. யாருக்குத் தோன்றும்? வீட்டில் இருக்கிற போட்டோ எல்லாமே முடி உள்ள போட்டோதானே. மொட்டை போட்டபின் எடுத்தது ஒன்றே ஒன்று. லாட்ஜ் விமர்சனத்தில் மனோரமா அக்கா கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டு வாங்கிய போட்டோ.

அதிலிருந்து ரத்தினம்மாவை மட்டும் வெட்டி எடுத்தேன். சந்தனத் தலை, ஒடுங்கிய கன்னம், இடது புருவத்துக்கு மேல் மரு. போஸ்டரில் இருப்பவரும் இவரும் ஒரே ஆள் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். போலீஸிலும் புதிய போட்டோவைக் கொடுக்கச் சொல்லி அனுப்பினேன்.

மே 12

இன்றைக்குச் சண்டை.

லாட்ஜ் வெப்சைட்டில் ஒரு பக்கம் போடலாம் என்றேன். 'திருப்பதியில் கூட வந்தவர் காணாமல் போனால் என்ன செய்வது' என்று. எந்த நம்பருக்குப் பேசுவது, எங்கே போய்ப் பார்ப்பது, கையில் என்ன போட்டோ வேண்டும் எல்லாம் எழுதி, நடுவில் ரத்தினம்மா படம். இதைத் தமிழில் ஒழுங்காக எழுதியவர்கள் யாரும் இல்லை. தேடிப் பார்த்துவிட்டேன். போட்டியே இல்லாத இடம், போட்டால் சீக்கிரம் மேலே வரும்.

கோவர்த்தனன் சார் எகிறிவிட்டார். "இன்னாம்மா பேசற நீ? லாட்ஜ் பேரைப் போட்டு பக்கத்துல 'காணவில்லை'ன்னு வந்தா எவன் வருவான்? இங்க தங்கனா ஆள் காணாமப் போவாங்கன்னு ஆயிடாது? இதுக்கா உனக்கு மாசா மாசம் குடுக்கறன்?"

அவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. தேடினால் நம் பெயர் எந்த வார்த்தைக்குப் பக்கத்தில் வருகிறது என்று பார்ப்பதுதானே என் வேலையே. வேறு யாராவது இந்த யோசனையைச் சொல்லியிருந்தால் நானே தடுத்திருப்பேன். ஆனாலும் எனக்கு வாய் அடங்கவில்லை. "அவங்க வந்ததே நான் எழுதின பேஜைப் பாத்துதான் சார்" என்றேன். சொன்னதும் அழுகை வந்துவிட்டது. ரிசப்ஷனில் நின்றுகொண்டு அழுவது, சே.

மனோரமா அக்காதான் முடித்து வைத்தார். "அந்தம்மா நம்ப வாசல்லருந்துதானே போச்சு? நம்ப பேரு போடாம பின்ன யாரு பேரு போடுவாங்க? நீ போடுடி பிரமிளா. நம்பருக்கு என் போனைக் குடு."

சார் பேப்பரைப் பிரித்துக்கொண்டார். படித்த மாதிரித் தெரியவில்லை.

மே 13

பக்கம் ஏறிவிட்டது. முதல் வரி: 'மொட்டை போட்டதும் பெரியவர்களை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.'

படத்தின் கோப்புக்குப் பெயரும் விளக்கமும் சரியாகக் கொடுத்தேன், படத் தேடலிலும் வரட்டும் என்று. போன் நம்பரைத் தொட்டால் நேராகக் கால் போகிற மாதிரி வைத்தேன். 'ரூம் புக் செய்ய' என்று எல்லாப் பக்கத்திலும் குதித்து வருகிற பெட்டியை இந்தப் பக்கத்தில் மட்டும் எடுத்துவிட்டேன். யார் எதைத் தேடி வந்தார்கள் என்று காட்டுகிற சர்ச் கன்சோலில் போய், சீக்கிரம் வந்து பாருங்கள் என்று கூகுளிடம் விண்ணப்பம் கொடுத்தேன். மற்றதெல்லாம் அவர்கள் இஷ்டம்.

மே 14

வரவில்லை. கூகுளில் பத்து தடவையாவது தேடிப் பார்த்திருப்பேன்.

மே 15

வந்துவிட்டது! தமிழில் தேடினால் மூன்றாவது இடம். தமிழ் பக்தர் குழு ஒன்று பக்கத்தைப் பகிர்ந்திருக்கிறது, வேலூர் செய்தித் தளம் ஒன்று இணைப்புக் கொடுத்திருக்கிறது. கூகுள் மதிப்பது இதைத்தான். இப்படி வெளியிலிருந்து இணைப்பு வாங்க லாட்ஜுக்காக நான் எத்தனை பேருக்கு மெயில் போட்டுக் கெஞ்சியிருப்பேன்.

மனோரமா அக்காவுக்கு ஏழெட்டு போன். எல்லாம் வேறு யாரையோ தொலைத்தவர்கள். திருவண்ணாமலைக்காரர் ஒருவர் மாமனாரைத் தொலைத்துவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே மாமனார் எதிரில் வந்துவிட்டாராம். "நான் லாட்ஜு நடத்தறனா போலீஸ் டேசன் நடத்தறனா?" என்று கோவர்த்தனன் சார். ஆனால் சத்தத்தில் பழைய காரம் இல்லை.

ரத்தினம்மா பற்றி ஒரு போனும் இல்லை.

மே 17

சஞ்சய் ஊருக்குப் போகவில்லை. லாட்ஜிலேயே இருக்கிறார். வாடகை வாங்கவில்லை போலிருக்கிறது, அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. காளஹஸ்தி, ரேணிகுண்டா, புத்தூர் என்று தினமும் ஒரு பஸ் ஏறிப் போய்விட்டு வருகிறார். சாப்பிடச் சொன்னால், "அம்மா துன்னுச்சோ இல்லியோ" என்கிறார். கேட்கவே முடியவில்லை.

நான் கிளிக் வந்ததைப் பார்த்துச் சந்தோஷப்படுகிற ஆள் இல்லை. கிளிக் வராததைத்தான் முதலில் பார்ப்பேன். எந்தத் தேடலில் நம் பக்கம் கண்ணில் பட்டும் தொடாமல் போனார்கள் என்று. தப்பு எங்கே என்று அங்கேதான் தெரியும்.

இன்றும் அப்படிப் பார்த்தேன். தமிழ்த் தேடல்களுக்கெல்லாம் கிளிக். கீழே, நம் பக்கம் எங்கேயோ நாற்பதாவது இடத்தில் நிற்கிற சில தெலுங்குத் தேடல்கள். 'வழி தப்பிய பாட்டி', 'யாருமில்லாத பெரியவர், எங்கே ஒப்படைப்பது'. ஒன்றுக்கும் கிளிக் இல்லை. கண்ணில் படுவது தமிழ் எழுத்து, அவர்கள் என்ன செய்வார்கள்?

தொலைத்தவர்கள் தமிழில் தேடுகிறார்கள். சரி. ஆனால் கிடைத்தவர்கள்? வழியில் தனியாக நிற்கிற அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தவர்கள் யார்? இந்த ஊர்க்காரர்கள். அவர்கள் கையில் இருக்கிற போனில் தெலுங்குதானே. அவர்கள் 'காணாமல் போனார்' என்றா தேடுவார்கள்? அவர்களுக்கு யாரும் காணாமல் போகவில்லையே, கிடைத்தல்லவா இருக்கிறார்.

பத்தாம் வகுப்பு வரைக்கும் தெலுங்கில் படித்தவள் நான். நகரிப் பக்கம் எங்கள் வீட்டில் தமிழ், வாசலைத் தாண்டினால் தெலுங்கு. எனக்கு எப்படித் தோன்றாமல் போயிற்று? ஒரு வாரம்!

மே 18

தெலுங்கில் தனிப் பக்கம். மொழிபெயர்க்கவில்லை, முதலிலிருந்து வேறாக எழுதினேன். 'உங்கள் ஊரில் வழி தெரியாத பெரியவர் இருக்கிறாரா? தமிழ் பேசுகிறாரா?' என்று ஆரம்பித்தேன். மேலேயே ரத்தினம்மா படம். புருவத்து மரு பற்றி ஒரு வரி. மனோரமா அக்கா நம்பர்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவே இணைப்புக் கொடுத்து, தமிழ்ப் பக்கத்துக்கு வந்த மரியாதையில் கொஞ்சம் இதற்கும் போகட்டும் என்று விட்டிருக்கிறேன். கோவர்த்தனன் சார் தனக்குத் தெரிந்த பஸ் கண்டக்டர்களுக்கெல்லாம் தானாகவே அனுப்பிக்கொண்டிருக்கிறாராம். என்னிடம் சொல்லவில்லை, அக்கா சொன்னார்.

மே 20

ஒரு போன். ஸ்ரீகாளஹஸ்தியில் மொட்டை அடித்த அம்மா ஒருவர் என்று. சஞ்சய் ஓடினார். அது வேறு அம்மா.

மே 22

பெங்களூர் ரோட்டில் இருக்கிற பங்காருபாளையத்திலிருந்து பவ்யா என்ற பெண் பேசினாள், மனோரமா அக்கா போனை என்னிடம் கொடுத்துவிட்டார். அவள் அம்மா மாங்காய் மண்டியில் தரம் பிரிக்கிற வேலை. தமிழும் தெலுங்குமாகக் கலந்து பேசுகிறாள்.

"அக்கா, உங்க போட்டோல இருக்கற அவ்வ மாதிரியே ஒருத்தங்க எங்க மண்டில இருக்காங்க. சீசனுக்கு தமிழ்நாட்டுலருந்து கூலிக்கு வருவாங்க இல்ல, அந்த கேங்குதான் விட்டுட்டுப் போயிட்டாங்கன்னு எங்க அம்மாவாளு நெனச்சிகினு இருந்தாங்க. மேஸ்திரி வந்து இட்டுக்கினு போவாருன்னு. ஊரு எதுன்னு கேட்டா 'அரசமரத்தாண்ட'ன்றாங்க. எந்த அரசமரம்னு போறது? நேத்துதான் போன்ல தேடினேன்."

புருவத்துக்கு மேல் மரு இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றாள்.

கோவர்த்தனன் சாரின் காரில் நாலு பேரும் கிளம்பினோம். அவர்தான் ஓட்டினார். சித்தூர் தாண்டும் வரைக்கும் சஞ்சய் தன் தலையைத் தடவிக்கொண்டே வந்தார். கறுப்பாகத் துளிர்த்திருந்தது.

மண்டியில் கொட்டகைக்குக் கீழே பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மாங்காய் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ரத்தினம்மா. யாருடையதோ புடவை கட்டியிருந்தார். அவரும் கையில் ஒரு மாங்காயை எடுத்துத் துடைத்து, எந்தக் கூடையில் போடுவது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா!" என்று சஞ்சய் போய்க் காலடியில் விழுந்தார்.

ரத்தினம்மா நிமிர்ந்து பார்த்தார். தெரியாத ஆளைப் பார்க்கிற பார்வை. கொஞ்சம் பின்னால்கூட நகர்ந்தார். சஞ்சய், "அம்மா, நான்தாம்மா, சஞ்சய்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவருடைய குரலைக் கேட்கக் கேட்க அந்த முகம் மெல்ல மாறியது. கையை நீட்டி மகன் தலையைத் தொட்டார். நெற்றி, காது, மோவாய் எல்லாம் தொட்டுப் பார்த்தார்.

பிறகு ஓங்கி முதுகில் ஒரு அடி வைத்தார்.

"எங்கடா போன நீ? உன் பின்னாலயேதானடா வந்தேன். பஸ்ஸுல ஏறன, நானும் ஏறனேன். எறங்கன, எறங்கனேன். ஒருவாட்டி திரும்பிக்கூட பாக்கல நீ. கிட்ட வந்து பாத்தா வேற எவனோ!"

சஞ்சய் தேம்பித் தேம்பி அழுதார். மனோரமா அக்காவும். கோவர்த்தனன் சார் காரைத் திருப்பி நிறுத்தப் போகிறேன் என்று வெளியே போனவர், வெகு நேரம் வரவில்லை.

பஸ் ஸ்டாண்டில் பிள்ளையைக் காணோம் என்று அந்த அம்மா பதறியிருக்கிறார். எதிரில் ஒரு மொட்டைத் தலை, தோளில் பை, சந்தனம். மகன் போகிறான் என்று பெங்களூர் பஸ்ஸில் அவன் பின்னால் ஏறியிருக்கிறார். கண்டக்டரிடம் மகனைக் காட்டியிருப்பார், அவன் எடுத்த டிக்கெட்டில் இவரும் சேர்த்தி என்று கண்டக்டரும் விட்டிருப்பார்.

நாங்கள் எல்லாரும் மொட்டையில் அம்மா முகம் மாறியதைத்தான் நினைத்தோம், பிள்ளை முகமும் மாறியதை யாரும் நினைக்கவில்லை.

மே 23

தூங்கி எழுந்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை.

ஜூன் 8

சஞ்சய் பேசினார். அம்மா நன்றாக இருக்கிறார், முடி நரையும் கறுப்புமாக வளர்கிறதாம். பவ்யா வீட்டுக்குப் புடவை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போய்வந்தார்களாம்.

லாட்ஜில் ரூம் கேட்டு முன்பைவிடக் கூடுதலாகப் போன் வருகிறது. அந்த இரண்டு பக்கங்களுக்கும் வந்த இணைப்புகளால் மற்றப் பக்கங்களும் மேலே ஏறியிருக்கின்றன. 'திருப்பதி லாட்ஜ்' மட்டும் இன்னும் நான்காவது பக்கத்தில். கோவர்த்தனன் சார் அதைப் பற்றிக் கேட்டார்தான். கேட்டுவிட்டு, "அந்தக் காணாமப் போன பேஜு ரெண்டையும் எடுத்துடாதம்மா" என்று சேர்த்துச் சொன்னார்.

எடுக்கவில்லை. ரத்தினம்மா படத்தை மட்டும் நீக்கினேன், வீட்டுக்குப் போனவர் படம் எதற்கு ஊர் பார்க்க. பிறகு தமிழ்ப் பக்கத்தில் போட்டோ எடுக்கச் சொல்லும் வரியை இரண்டாவதாக இறக்கினேன். இப்போது முதல் வரி இது:

'மொட்டை போட்டதும், கூட வந்த பெரியவர்கள் முன்னால் போய் நின்று, நான்தான் என்று சொல்லுங்கள். தலையைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.'